டிக் போடாதவை

ஆவுடையப்பன் இறந்தபின், அவர் வீட்டில் பேசி, ஸ்பீக்கர் பெட்டி பதிந்து வைத்ததெல்லாம் திரையில் வரிசை கட்டி நின்றன.

"நீங்க டிக் போடுறது மட்டும்தாம்மா மேல போகும். அதை வச்சுத்தான் சார் தினமும் உங்ககிட்ட பேசுவாரு," என்றாள், இறந்தவர்களின் குரலைப் பேசவைக்கும் கம்பெனியின் பெண்.

மனைவி செண்பகவடிவு, அவர் திட்டியதையெல்லாம் டிக் போடாமல் விட்டுவிட்டாள். கம்பெனியில் நாலு பேர் கேட்டால் மனுஷனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு போனில் அவர் குரல் வந்தது. "செண்பகவடிவு, காப்பி குடிச்சியா?"

நாற்பது வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. திட்டும்போது மட்டும் "ஏட்டி" என்பார். மற்ற நேரம் அழைக்காமலே பேசுவார். விண்ணப்பத்தில் இருந்த பெயரைக் கம்பெனிதான் சேர்த்திருந்தது.

திட்டியதையும் சேர்க்க முடியுமா என்று கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். "மிச்சத்தை அன்னைக்கே அழிச்சிட்டோமேம்மா," என்றாள் அந்தப் பெண்.

இன்றும் ஆறு மணிக்கு அழைப்பு வந்தது.

"பால அடுப்புல வச்சிட்டு மறந்துட்டேன். பாத்திரமே கரிஞ்சு போச்சு," என்றாள் செண்பகவடிவு.

"பரவாயில்ல செண்பகவடிவு. உடம்பைப் பாத்துக்கோ."

அவள் போனை வைக்கவில்லை.

"ஒங்க கண்ணாடியையும் ஒடச்சிட்டேன்," என்றாள், முழுசாக இருந்த மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு.