சரி பார்த்தவர்

டிங்!

சத்தம் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"யாருங்க அது? போனை அமுக்கி வைங்க," என்று அதட்டினார் மைக்.

மைக் என்பது இவனுக்குச் சம்பளம் கொடுக்கும் கணினிச் சங்கத்தின் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க ஆள் போட வேண்டும்.

மைக் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கையில் தேநீர், இன்னொரு கையில் ஊறிப்போன பிஸ்கட். மடிக்கணினித் திரையில் தெரிந்த தன் படத்தை ஈர விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பெருசு பண்ணிட்டியா? சபாஷ் கண்ணு. அப்படியே கீழ 'நிறுவனர்'னு ஒரு வார்த்தை."

திரையில் பிஸ்கட் கூழ் ஒட்டிக்கொண்டது. இவன் சட்டை நுனியால் துடைத்தான். அது போகவில்லை, பரவியது.

நிறுவனர்!

ஊரிலிருக்கும் கணினிக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூட ஓர் இணையத்தளம். வேலையில் சிக்கிக்கொண்டவர் கேட்கலாம், தெரிந்தவர் சொல்லலாம், முன்பின் பார்க்காத இரண்டு பேர் ஒரே வேலையைச் சேர்ந்து முடிக்கலாம். இதைக் கனவு கண்டவர் அண்ணன். கூடப் பிறந்தவரல்ல, கூட உழைத்தவர். அவரும் இவனும் மட்டுமாக இரண்டு வருடம் ராப்பகலாகக் கட்டியது. மைக்குக்குக் கணினியை அணைக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார் அண்ணன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரி பார்த்து அனுமதி கொடுத்தால்தான் தளத்தில் ஏறும். ஒரு புள்ளியை மாற்றினாலும் அப்படித்தான். "தனி ஆளா எவனும் இதுல கை வைக்கக் கூடாதுடா. நான் உட்பட," என்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் கடவுச்சொல்லைக்கூட இவனிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த வாரமே மைக் கூப்பிட்டனுப்பினார். முகப்பில் செத்தவர் பெயர் இருந்தால் அபசகுனமாம், நன்கொடை தருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் அண்ணனின் பெயர் முகப்பிலிருந்து போய்விட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அன்றிலிருந்து அந்த ஆளைக் கண்டாலே இவனுக்குக் குமட்டும். அந்தச் சிரிப்பு, அந்தக் கழுத்துப் பவுடர், தோளில் வந்து விழுகிற அந்தப் பிசுபிசுத்த கை.

'நிறுவனர்' என்று தட்டினான். இரண்டு இடத்தில் அழுத்தினான். ஏறியது.

டிங்!

"மறுபடியுமா?" மைக் திரும்பிப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அட, அந்தம்மா வந்திருச்சு!"

மூன்றாவது வரிசையில் அண்ணி. மடியில் கைப்பை. மேடையில் இருந்த பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

மைக் குனிந்து இவன் காதோடு வாயை வைத்தார். பிஸ்கட் நெடி.

"ஒரு நினைவுக் கேடயம் குடுத்துடலாம். மேடையில ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுச்சுன்னா பேப்பர்ல படம் வரும் பாரு."

இவன் காதைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

இன்னும் சற்று நேரத்தில் திரை ஒளிரும். அண்ணி அதில் ஒரு பெயரைத் தேடுவார். தேடித் தேடி, கடைசியில் பிஸ்கட் தின்னும் இந்த மூஞ்சியைப் பார்ப்பார்.

மைக் மேடை ஏறிக் கனைத்துக்கொண்டார். "என் வாழ்நாள் கனவு…" என்று ஆரம்பித்தார்.

போதும்.

இவன் விரல்கள் தாமாக ஓடின. மைக்கின் படம் போனது. 'நிறுவனர்' போனது. அந்த இடத்தில் அண்ணனின் முழுப்பெயர், எழுத்து எழுத்தாக. வேலை போனால் போகட்டும். இரண்டு இடத்தில் அழுத்தினான்.

டிங்!

பெரிய திரை ஒளிர்ந்தது. கூடத்தின் பின்வரிசையில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். மைக்கின் வாய் திறந்தபடியே நின்றது. மூன்று மாதத்தில் முதல் முறையாக இவனுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

அண்ணி எழுந்தார். மேடைக்குப் போகவில்லை. நேராக இவனை நோக்கி வந்தார்.

இவன் எழுந்து நின்றான். நன்றியெல்லாம் எதற்கு அண்ணி என்று சொல்வதற்குக்கூடத் தயாராகிவிட்டான்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். மூலையில் உடைந்த கண்ணாடி, முதுகில் தளத்தின் சின்னம். இவன் கையாலேயே ஒட்டிக்கொடுத்த சின்னம். அது அண்ணனின் போன்.

தளத்திலிருந்து வந்து குவிந்திருந்த தகவல்களை விரலால் தள்ளிக்கொண்டே போய், பழையது ஒன்றில் நிறுத்தி, இவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"'முகப்பிலிருந்து உங்கள் பெயரை நீக்க நீங்கள் அனுமதி கொடுத்துவிட்டீர்கள்'னு வந்திருக்கு. அவரைத் தூக்கிட்டுப் போன அடுத்த வாரம். எந்த விரலால தம்பி அழுத்தினார்?"