நம்ம தோட்டத்து ஆள்

“சிஸ்டர், இந்த ஒரு ஆப்பரேஷனுக்கு மட்டும் வேற ஆளை நிக்கச் சொல்லுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

தியேட்டர் உதவியாள் நல்லமுத்து இப்படிக் கெஞ்சியதும் சிஸ்டர் செசிலியாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆப்பரேஷன் தியேட்டரைக் கட்டி ஆளும் யாழ்ப்பாணத்து மனுஷி அவள். கொதிநீரிலிருந்து கத்திகளை எடுத்து ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தவள், இடுக்கியைப் பிடித்த கையோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“விசர்க் கதை கதையாதையும்! இண்டைக்கு டொக்டர் உம்மட வேலையைப் பாக்கப் போறார். சரியாச் செய்தா நிரந்தர வேலை, இருக்கிறதுக்கு வீடு. பிழை விட்டா திரும்பவும் போலீஸ் காவல் போட்ட தோட்டத்துக் கம்பிவேலிக்குள்ளதான். உமக்காக நான் எவ்வளவு கதைச்சிருக்கிறன் எண்டு தெரியுமோ?”

“தெரியும் சிஸ்டர். ஆனா வந்திருக்கிறது எங்க தோட்டத்து முனியாயிக்கா. தெரிஞ்சவங்கன்னா எனக்குக் கை நடுங்கும். எதையாச்சும் கீழ போட்டுத் தொலைச்சிட்டேன்னா?”

சொல்லும்போதே அவனுடைய இடது இமை படபடவென்று துடித்தது. பதற்றம் வந்துவிட்டால் அவனுக்கு அப்படித்தான். தேய்த்துப் பார்ப்பான், கழுவிப் பார்ப்பான், நிற்காது.

செசிலியாவுக்கு இந்த ஆளைத்தான் புரியவே இல்லை. சீனரோ மலாய்க்காரரோ மேசையில் படுத்தால் நல்லமுத்து புலி. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கத்தி அவர் கையில் இருக்கும். தோட்டத்துத் தமிழர் யாராவது வந்துவிட்டால் போதும், மாஸ்க்கைக் கட்டாமல் மூலைக்கு மூலை அலைவான். போன தடவை வயிற்றுவலி என்றான். அதற்கு முந்தின தடவை பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றான். இவ்வளவு கைத்திறமையை வைத்துக்கொண்டு இப்படிக் கெட்டுப்போகிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“உம்மட மனுசி பிள்ளைத்தாச்சி. அந்தப் பிள்ளையும் கம்பிவேலிக்குள்ளயோ பிறக்க வேணும்? போய்க் கையைக் கழுவும்!”

குழாயடியில் போய் நின்ற நல்லமுத்து, கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தான்.

செசிலியா வார்டுக்குப் போனாள். அங்கே முனியாயி கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தள்ளுவண்டியில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். பெம்பான் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். குடல்வால் வீங்கி வலியில் துடித்தாலும், வலியைவிடக் கத்திப் பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“நான் செத்துட்டா என்னை எடுத்துப் போட யாரு இருக்கா சிஸ்டர்? எம் புருசன் வீராசாமியத்தான் நாடு கடத்தி ஊருக்குக் கப்பலேத்திட்டாங்களே!”

“ஏனம்மா, என்ன செய்தவர்?”

“ஒண்ணுமே செய்யல! காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு அரிசி குடுத்தாருன்னு பழி. ஒருநாள் விடியக்காலம் தோட்டத்தையே போலீஸ் வளைச்சிருச்சு. ஒவ்வொருத்தரா ஜீப்பு முன்னால நடக்கச் சொன்னாங்க. உள்ள எவனோ தலையில கோணிச்சாக்கை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான், கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு. இவர் போனதும் தலையாட்டினான். அப்படியே தூக்கி லோரியில போட்டுட்டாங்க. படுபாவி! எங்க அடுப்புக்கே அரிசி பத்தல, இதுல காட்டுக்கு எங்க குடுக்கிறது?”

செசிலியா அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் இந்த எமர்ஜென்சியைக் கொண்டுவந்ததிலிருந்து இது மாதிரி எத்தனை கதைகளைக் கேட்டுவிட்டாள்! ஆனாலும் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறத்தான் மாட்டேன் என்கிறது. என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தவளுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

“பயப்பிடாதேங்கோ. உள்ளுக்க உங்கட தோட்டத்து நல்லமுத்துதான் நிக்கிறார்.”

முனியாயியின் பிடி தளர்ந்தது. “யாரு, எங்க டிரஸ்ஸர்கிட்ட மருந்து கலக்கிட்டிருந்த தம்பியா? அடேயப்பா! போலீஸ் தொரையே சிபாரிசு பண்ணி டவுனுல வேலை வாங்கிக் குடுத்தாராமே! எங்க எல்லாருக்கும் பெருமைதான் லா. நம்ம ஆளு பக்கத்துல நின்னா எனக்கென்ன பயம்? தள்ளுங்க வண்டியை!”

தியேட்டரில் வெள்ளைக்கார டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நல்லமுத்து கடைசி நொடி வரைக்கும் மாஸ்க்கைக் கையிலேயே வைத்திருந்தான். டாக்டர் முறைத்த பிறகுதான் கட்டினான். கட்டியதும் ட்ரே பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

ஈதர் வாடை மூக்கில் ஏறியதும் முனியாயிக்கு வந்த தைரியமெல்லாம் பறந்துவிட்டது. மேசையிலிருந்து எழப் பார்த்தாள்.

“ஐயோ, எனக்கு வேணாம்! தம்பி எங்க? தம்பியைக் காட்டுங்க!”

டாக்டர் சலித்துக்கொண்டார். செசிலியா நல்லமுத்துவின் முழங்கையைப் பிடித்து, தரதரவென்று இழுத்து வந்து முனியாயியின் தலைமாட்டில் நிறுத்தினாள்.

“இஞ்ச பாருங்கோ, உங்கட ஆள்தான்!”

“தம்பீ!” என்று முனியாயி அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பார்க்கப் பார்க்க அவள் சத்தம் அடங்கியது. அப்பாடா, இந்த மனுஷனுக்கு வேலை நிச்சயம் என்று செசிலியா மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

முனியாயி அவன் கையை உதறினாள்.

“சிஸ்டர், இவனை வெளிய போகச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தச் சாக்கு ஓட்டையிலயும் இந்தக் கண்ணுதான் இப்படித் துடிச்சுது.”