எழுத்தில் இருக்கிறது

"ஒரு தடவை இல்ல சார், ஒன்பது தடவை சொல்லியிருக்கேன். நீங்களே பாருங்க." லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பினாள் அவள்.

மூன்று நாளாக அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி முடங்கிக் கிடந்தது. யாரோ வெளியிலிருந்து கிடங்கு ரவுட்டர் வழியாக நெட்வொர்க்குக்குள் புகுந்து எல்லா ஃபைல்களையும் பூட்டிவிட்டார்கள். மெயில் சர்வர் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. இதற்கு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். நெட்வொர்க்கைக் கவனிக்கும் அவளா, அவளுக்கு மேலே இருக்கும் மேனேஜரா என்பதுதான் பாக்கி.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "மிக அவசரம்: பாஸ்வேர்டுகள் திருடுபோகலாம், கிடங்கு ரவுட்டரை உடனே மாற்ற வேண்டும்."

அதே தலைப்பு, மாதம் ஒன்றாக ஒன்பது மெயில்.

"என்னய்யா இது? ஆபீசுக்கு வர்றியா, தூங்க வர்றியா?"

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "சத்தியமா ஒண்ணுகூட வரலை சார்."

"பொய்!" என்றாள். அந்த அறையில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்ததே இல்லை.

"ஏம்மா, உன் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் பத்தடி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் மேனேஜர்.

"எதுவா இருந்தாலும் எழுத்துல கொடு, வாயால சொல்றது காத்தோட போயிடும்னு சொன்னது யாரு சார்?"

முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு மனம் இளகவில்லை. ஒன்பது மாதமும் இந்த மனிதர் தினமும் அவளைக் கடந்துதான் போனார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். மெயிலைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். சின்னப் பெண் சொல்லி நாம் கேட்பதா என்ற திமிர்! ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மாதம் அதே மெயிலை மறுபடி அனுப்புவாள்.

மதியத்துக்குள் மேனேஜர் மேசையைக் காலி செய்துவிட்டார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளருகே ஒரு நிமிடம் நின்றார்.

"நீ அனுப்பியிருப்பேம்மா, நான் இல்லைங்கல. ஆனா நான் பொய் சொல்ற ஆளுன்னு நினைச்சுட்டே பாரு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலடிச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

"அந்தாளோட மெயில் கணக்கை மூடிடும்மா" என்றார் முதலாளி, தன் அறையிலிருந்தே.

சர்வரில் மேனேஜரின் கணக்கைத் திறந்தாள். வந்தவை என்ற பகுதியில் அவள் மெயில் ஒன்றுகூட இல்லை. அழித்துவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கீழே போனாள். சர்வர் பிடித்து வைத்த மோசடி மெயில்களுக்கென்று ஒரு பகுதி. அதைப் பார்க்கும் அனுமதி அவளுக்கு மட்டும்தான்; குப்பை என்று அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அங்கே, பிரிக்கப்படாமல், ஒன்பதும் இருந்தன.

பக்கத்திலேயே காரணமும் இருந்தது: 'தலைப்பில் அவசரம், பாஸ்வேர்டு, உடனே என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் மோசடி. ஊழியருக்குக் காட்டாதே.' விதியை எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"மூடியாச்சாம்மா?"

"இதோ சார்" என்று ஒன்பதையும் அழித்தாள்.