சாப்பாட்டில் ஒன்றுமில்லை

அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டரை, கலங்கிய கண்களோடு அந்தப் பெண் வாசலிலேயே மறித்தாள்.

"உயிருக்கு ஆபத்தில்லைம்மா. வயித்துக்குள்ள பிறவியிலேயே ஒரு இடுக்கு. அதுல குடல் நுழைஞ்சு சிக்கி அடைச்சுக்கிச்சு. உள் ஹெர்னியான்னு சொல்லுவோம், ரொம்ப அபூர்வம்."

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதால வந்தது இல்லையே?"

"இல்லவே இல்லை."

"கெட்டுப்போன சாப்பாடு, விஷம்... அப்படி எதுவும்?"

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புருஷன் பிழைச்சதே பெரிசு. நீங்க சாப்பாட்டையே பிடிச்சுத் தொங்கறீங்களே!"

"அவர் என் புருஷன் இல்லைங்க. அவர் வீட்டு ஆளுங்க மருந்து வாங்கப் போயிருக்காங்க. நான் அவர் ஆபீஸ் கேன்டீன்ல சமைக்கிறவ. சாப்பிட்டு எழுந்தவர் சுருண்டு விழுந்ததும், என் சமையல்தான் காரணம்னு எல்லார் முன்னாடியும் திட்டி வெளியே அனுப்பிட்டாங்க. மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

கூனிக் குறுகிப்போன டாக்டர், உடனே போன் போட்டு விவரம் சொன்னார்.

"அப்படியா? ஆனா புது ஆள் போட்டாச்சு டாக்டர்" என்றார் மேனேஜர். "அந்தம்மா சமைச்சதை இனிமே யார் வாயில வைப்பாங்க? உங்க ஹெர்னியாவை ஒவ்வொருத்தருக்கா விளக்கிட்டு இருக்க முடியுமா?"

டாக்டரின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது.

"கண் முழிச்சதும் அவர்கிட்டயாவது சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.