நத்தையின் வயது

"நானூறு வருஷத்து எலும்பாமே! அப்ப அது எம்புள்ள இல்லதானே?"

கேட்டுவிட்டு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

மேசையில், வற்றிய ஏரியின் வெள்ளைச் சேற்றில் கிடைத்த தொடை எலும்பு. பக்கத்தில் அதன் வயதைச் சொல்லும் கரிமச் சோதனையின் முடிவு.

வாசலில் இன்ஸ்பெக்டர் கைபேசியில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பழைய எலும்புக்கு மரபணுச் சோதனை எதற்கு? ஏரியை அறிந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வழக்கை ஊற்றி மூடிவிடலாம்.

சேற்று டாக்டர் பேனாவைத் திறந்தாள். அந்தப் பட்டப்பெயர் அவளுடைய மாணவர்கள் வைத்தது. ஏரிச் சேற்றை அடுக்கடுக்காக அறுத்து, எந்தக் காலத்தில் மழை பொய்த்தது என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுளைத் தொலைத்தவள். ஒரு தாய்க்கு நல்ல சேதி சொல்லும் வேலை அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. மனசு குளிர்ந்துதான் இருந்தது.

குனிந்தபோது அலமாரியில் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது.

உள்ளே ஒரு நத்தை ஓடு. பெயர் 'தாத்தா'. உயிரோடு பிடித்து வந்த நத்தை. சோதித்தால் ஆயிரம் வயது என்று வந்தது. ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது.

நத்தைமேல் குற்றமில்லை. ஏரியைச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. அதிலிருக்கும் பழங்காலத்துக் கரிமம் தண்ணீரில் கரைந்து நத்தைக்குள், பாசிக்குள், மீனுக்குள் போய்விடுகிறது; சோதனை அதன் பழமையையும் வயதோடு சேர்த்துவிடும். அதனால்தான் சேற்றின் வயதைப் பார்க்க அவள் நத்தை ஓட்டைத் தொடமாட்டாள். காற்றிலிருந்தே கரிமம் எடுக்கும் கரை மரத்திலிருந்து விழுந்த இலைத் துணுக்கைத் தேடி எடுப்பாள்.

அந்த மீனையே தின்று வளர்ந்தவரின் எலும்புக்கும் பொய் வயது ஏறும்.

பேனா நின்றது. பையன் என்ன விரும்பிச் சாப்பிடுவான் என்று கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் அவனைப் பற்றி இப்படி அக்கறையாகக் கேட்டதில்லை.

"மூணு வேளையும் ஏரி மீன்தான். அது இல்லாம ஒரு வாய் எறங்காது. அவனே புடிப்பான். வரட்டும், உங்களுக்கும் ஒரு கூடை கொண்டாரச் சொல்றேன்."

சேற்று டாக்டர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினாள்.

எவ்வளவு பெரிய மீனெல்லாம் பிடிப்பான் என்று அந்த அம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.