சங்கரன் இளைத்த கதை

நிலைக்கண்ணாடி முன் நின்று சங்கரன் சட்டையின் முன்பக்கத்தை இழுத்துப் பார்த்தார். முழுசாக இரண்டு இஞ்ச் தொளதொளத்தது. ஒரு மாதமாக விடியற்காலையில் ஃபைவ் கார்டன் பூங்காவை நாலு சுற்று நடந்தது வீண் போகவில்லை.

பெல்ட் மட்டும் பழைய ஓட்டையை விட்டு நகரவில்லை. தோளும் மார்பும்தான் முதலில் இளைக்கும், தொப்பைக்குக் கடைசியில்தான் முறை வரும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மே மாதம், கட்டடத்துக்குத் தண்ணீர் லாரி வராத ஒரு காலையில், அவருக்கும் மனைவி விசாலாக்ஷிக்கும் பந்தயம். ஒரு பருத்திச் சட்டைக்கு இரண்டாயிரத்து எழுநூறு லிட்டர் தண்ணீர் ஆகிறதென்று அவள் எங்கோ படித்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு வீட்டில் புதுத்துணி நுழையக்கூடாது; முதலில் வாங்குகிறவர் தோற்றவர். தீபாவளியே பழைய வேஷ்டியில் கழிந்தது.

தோற்றால் சங்கரன் போனிலிருந்து ஷாப்பிங் ஆப்பை அழித்துவிட வேண்டும். அவள் தோற்றால் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கக்கூடாது. பீரோவில் அறுபத்திரண்டு சட்டை. எது எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. அவள் இஸ்திரி போட்டு எடுத்து வைப்பதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவார்.

ஹாலுக்கு வந்தவர், ரயிலுக்குக் கிளம்பி நின்ற விசாலாக்ஷியைப் பார்த்தார். அந்தக் கடுகு மஞ்சள் புடவையை அவர் இதற்குமுன் கண்டதில்லை. போன வாரத்துப் பச்சையும் அப்படித்தான்.

"மாட்டிண்டியா? இது எப்போ வாங்கினது?"

"வாங்கலை. வந்தனாவோடது."

வந்தனா தினமும் அவளோடு லேடீஸ் கம்பார்ட்மென்டில் வரும் சிநேகிதி. அந்த செட்டில் ஐந்து பேரும் புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறார்களாம். காசும் செலவில்லை, சொட்டுத் தண்ணீரும் செலவில்லை என்று அவள் டிபன் பாக்ஸை மூடியபடியே சொன்னாள்.

சங்கரன் முகம் ஒரு நிமிடம் தொங்கிப்போனது. ஆனால் அவரிடம் துருப்புச் சீட்டு இருந்தது.

"சரி, நான் இளைச்சிருக்கேன் பாரு. பழசெல்லாம் தொளதொளங்கறது. அவசியத்துக்கு வாங்கினா பந்தயத்துல சேராதுன்னு நீதானே சொன்னே?"

அவள் மறுக்கவில்லை. சங்கரன் போனை எடுத்து, ஒரு சைஸ் குறைத்து ஆறு சட்டைகளைத் தேர்ந்தெடுத்தார். கட்டைவிரல் ஆர்டர் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"அதை அப்புறம் அமுக்கலாம். முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டித் தாங்கோ, இன்னிக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

"யாருக்கு?"

"வந்தனா ஆத்துக்காரருக்கு. பாவம், உங்க சட்டை இறுக்கறதேன்னு அவர் ஒரு மாசமா ராத்திரி பட்டினி."