ஐந்து வோல்ட்

மெமரி கார்டு விரலைச் சுட்டது.

அவன் சட்டென்று வயரைப் பிடுங்கினான். மேசையில் கிடந்த சின்னச் சர்க்யூட் பலகையில் பச்சை விளக்கு அணைந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்தது.

ஆறட்டும் என்று காத்திருந்தான். மறுபடி மாட்டினான்.

கணினித் திரையில் ஒரே ஒரு வரி. கார்டு இல்லை.

கழற்றினான். சட்டையில் துடைத்தான். மாட்டினான்.

கார்டு இல்லை.

பிறகுதான் சிவப்பு வயரைப் பார்த்தான். அது செருகியிருந்த துளையைப் பார்த்தான். அந்தக் கார்டு மூன்றரை வோல்ட் வரைதான் தாங்கும். அவன் ஐந்து கொடுத்திருந்தான்.

போனிலிருந்து கழற்றிய அந்தக் கார்டில்தான் அவன் மனைவி வசந்தாமணியின் குரல் இருந்தது.

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளை உட்காரவைத்து, போனை வாயருகே பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசவைத்தான். தண்ணி. வலிக்குது. போதும். லைட்டப் போடுங்க.

பம்பு கம்பெனியில் எலக்ட்ரீசியன் அவன். லீவு நாட்களில் இந்தச் சின்னப் பலகைகளை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பான். இந்த முறை அவளுக்காக ஒரு பெட்டி. பட்டனை அமுக்கினால் கார்டிலிருந்து அவள் குரலே பேச வேண்டும்.

"ஊருக்குப் போறவளுக்குப் பண்றாப்ல பண்றீங்க," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

வேறு எதிலும் அவள் பேசி எடுத்ததில்லை. போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இதையாவது இன்னொரு இடத்தில் போட்டு வைத்திருக்கலாம். பெட்டி முடியட்டும் என்று இருந்துவிட்டான்.

காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"உள்ளயே வெந்து போச்சுங்ணா. இனி ஒண்ணும் எடுக்க முடியாதுங்க."

பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்தான். பெட்டி சரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சுவிடக் கழுத்தில் வைத்த துளையை மூடி மெல்லிய துணி. அவனைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். என்ன?

தயார் செய்தது வாயில் வரவில்லை.

"மணி... கார்டு எரிஞ்சு போச்சு. நாந்தான். கரண்ட்ட மாத்திக் குடுத்துட்டேன்."

கத்தி நின்றது.

"உன்ற கொரலு அத்தனையும் போச்சு."

அவள் அழுதபோது சத்தமே வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் வேகமாக உள்ளே போய் வெளியே வந்தது. அவனுக்குக் கிட்டே போகத் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

அதன்பிறகு அவள் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. அவனும் அதைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே வந்து போனை அவன் கையில் வைத்தாள். அவன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"நானா?"

தலையாட்டினாள்.

"என்ற கொரல்லயா? அது எப்படி மணி?"

அவள் கையை விரித்து வீட்டைச் சுற்றிக் காட்டினாள். வேறு யார் இருக்கிறார்கள்?

தண்ணி, என்றான். போதும், என்றான்.

வலிக்குது என்று சொல்ல முடியாமல் நிறுத்தினான். அவள் காத்திருந்தாள். சொன்னான்.

புதுக் கார்டு. சிவப்பு வயரைச் சரியான துளையில் செருகினான். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, திரும்பவும் பார்த்தான். பிறகுதான் கரண்ட் கொடுத்தான்.

ஒரு பட்டன் மிச்சம் இருந்தது.

"இதுக்கு என்ன?"

அவள் உதடுகள் அசைந்தன. அவனுக்கு உடனே புரிந்தது. புரியாதது போல் இருந்தான். அவள் மறுபடி உதட்டை அசைத்தாள்.

ஏனுங்க.

"அது நீ என்னயக் கூப்பிடறது. அத நான் எப்படிச் சொல்றது?"

அவள் போனை விரலால் தட்டினாள்.

சொன்னான். இல்லை என்று தலையசைத்தாள். இன்னொரு தரம். இல்லை. அவள் கை காற்றில் மெல்லக் கீழிருந்து எழுந்து, கடைசியில் நீண்டு போயிற்று.

அது அவனுக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவனளவு கேட்டவர்கள் யாரும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டான். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தான்.

ஏனுங்கஅ...

கண்ணைத் திறந்தபோது அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து பெட்டி கூப்பிட்டது.

அவன் குரல்.

துணியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

மறுபடி கூப்பிட்டது.

"வர்றேன் மணி," என்றான்.

அந்தக் குரலை அவளுக்கு விட்டுவிட்டு, கொஞ்சம் தாழ்த்தி.